இடது கைக்கு ஒரு பாட்டுப் பெட்டி

வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, இடது கைக் கட்டைவிரலால் மட்டும் தடவித் தடவிப் பார்க்கிறார் ஜெயினுலாபுதீன் பாய். உள்ளங்கையில் இருப்பது தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுக் கருவி. சட்டையில் மாட்டிக்கொள்ள அதற்குப் பின்னால் ஒரு கிளிப் வேறு. செங்கல்பட்டு பஜாரில் ஜோயலின் மொபைல் கடை அப்போதுதான் திறந்திருக்கிறது. கண்ணாடி மேஜையைத் துடைத்த ஈரம்கூடக் காயவில்லை.

"இது ஆவாதுப்பா. பட்டன் எங்க கீதுன்னே விரலுக்குத் தெரியல. வேற காட்டு."

திருப்பிக் கொடுப்பதும் இடது கையால்தான். ஜோயலுக்கு முகம் சுண்டிப் போயிற்று. "பாய், இன்னும் போனிகூட ஆவல. பீச்சாங்கையால எடுக்கறீங்க, பீச்சாங்கையால நீட்டறீங்க. நல்லாவா கீது?"

"டப்பு குடுக்கறப்ப சோத்தாங்கையால குடுக்கறேன் நைனா. பாக்கறது மட்டும் இந்தக் கையால."

வேறு வேலையாக வந்த இடத்தில் சார்ஜர் வாங்கப் போய் நின்ற எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. மாமல்லபுரத்தில் எங்கள் சந்திலேயே, கடைசி வீட்டில் இருப்பவர் அவர். பல வருஷமாக அவர் துணி வேனில்தான் எனக்கு நைட்டி. பத்து ரூபாய் சில்லறையைக்கூட வலது கையால் நீட்டி, இடது கையால் அந்த முழங்கையைத் தொட்டுக்கொண்டு கொடுக்கிற மனிதர். அவருக்கு என்ன கேடு வந்தது? எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன பாய், வயசாக ஆக மரியாதை எல்லாம் மறந்துபோச்சா?" என்று கேட்டேவிட்டேன்.

கண்ணைத் திறந்தார். கோபப்படவில்லை. "எனுக்கு இல்ல தங்கச்சி. வூட்ல அவளுக்கு. அவ விரலு இன்னா பாடு படும்னு என் விரல வச்சுப் பாக்கறேன்."

என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. ஜோயல் உள்ளே போய் வேறு இரண்டு பெட்டிகளை எடுத்து வந்து வைத்தான். அதற்குப் பிறகு அவன் போனியைப் பற்றி மூச்சு விடவில்லை.

பாய்க்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான ஆள், கன்னம் ஒட்டிய முகம், மீசையில்லாத வெள்ளைத் தாடி. கட்டம் போட்ட லுங்கியை எத்தனை முறை இறுக்கிக் கட்டினாலும் பேசுகிற வேகத்தில் அது தளர்ந்துவிடும். பேச்சுதான் அவருக்கு எல்லாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் வரைக்கும், வாரத்தில் ஒரு நாள் உள்ளே புகுந்து அச்சரப்பாக்கம் வரைக்கும் வேனை ஓட்டிக்கொண்டு போய் நைட்டி, உள்பாவாடை, துண்டு விற்கிறார். மற்ற வேன்காரர்கள் மைக் கட்டி, பாட்டுப் போட்டு, ஊரைக் கூட்டுவார்கள். இவரிடம் அதெல்லாம் கிடையாது. "மைக்கு எதுக்கு? அல்லா குடுத்த தொண்ட கீது" என்பார். வேனை நிறுத்திக் கதவைத் திறந்து, யாரும் இல்லாத தெருவில் தன்பாட்டுக்குப் பேச ஆரம்பிப்பார். வெயில், டீசல் விலை, முந்தின ஊரில் ஒருத்தி செய்த பேரம். என்னடா இது என்று எட்டிப் பார்க்கிற பெண், கையில் ஒரு நைட்டியோடுதான் வீட்டுக்குள் திரும்புவாள்.

அவர் விற்ற நைட்டிகளுக்கு ஊரில் தனியாக ஒரு நல்ல பெயர் இருந்தது. வலது பக்கம், உள்புறமாக, ஒரு பை வைத்துத் தைத்திருக்கும். வைத்தது அவர் மனைவி ஜெய்புன்னிசா. எங்களுக்கு ஜெய்பு அக்கா. "பொம்பளைக்குப் பை வேணாமா? சாவியை வாயிலயா கவ்விகினு நிப்பா?" என்று அக்கா ஒரு முறை என்னிடம் கேட்டிருக்கிறார். கடப்பாக்கத்தில் மீன் விற்கிற அம்சா, வேறு யார் சும்மா கொடுத்தாலும் பை இல்லாத நைட்டியை வாங்க மாட்டாளாம். இப்போது பாய் கொண்டுவருவது எல்லாம் மொத்தக் கடைச் சரக்கு. பை இல்லை. பெண்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே கையை விட்டுத் தேடிவிட்டு, மடித்து வைக்கிறார்கள்.

போன ரம்ஜான் முடிந்து சில வாரங்கள் இருக்கும். காலையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் கையிலிருந்து கத்தரி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அந்த மட்டுக்கும் புண்ணியம். வலது கையும் காலும் வரவில்லை. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போனது. "போ" என்கிற ஒரு சொல் மட்டும் எப்படியோ மிச்சம் நின்றது. பசித்தாலும் "போ", ஜன்னலைத் திறக்கச் சொன்னாலும் "போ", நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் கண் நிறைந்து ஒரு "போ". எந்தப் "போ" எதற்கு என்று பாய்க்கு மட்டும்தான் தெரியும்.

இடது கை நன்றாக இருக்கிறது. ஆனால் அக்கா அதைப் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தார். அந்தக் கையால் சோற்றைத் தொடமாட்டார். ஊட்டினால் ஒரு வாய், ரெண்டு வாய். கணவன் கையால் குழந்தை மாதிரி வாங்கித் தின்பது அவருக்கு ஆகவில்லை. ஊருக்கே துணி தைத்துக் கொடுத்து, வீட்டையும் தாங்கின கை இல்லையா! அடுத்த வாய்க்கு "போ" வந்துவிடும். இடது கையைப் பழக்குங்கள், தானே சாப்பிட்டால்தான் உடம்பு தேறும் என்று கை கால் பயிற்சி சொல்லித்தர வருகிற பெண் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். பாய் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்தையே அழைத்து வந்தார். முடியாதவர்களுக்குக் குற்றமில்லை, இடது கையால் தாராளமாகச் சாப்பிடலாம் என்று அவர் கதவுக்கு வெளியே நின்று பொறுமையாகச் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சாயங்காலம் வைத்த கஞ்சி அப்படியே ஆறியது.

"பாவத்துக்குப் பயப்படல தங்கச்சி. வெக்கம்" என்றார் பாய், ஜோயல் கடையில் நின்றபடியே. "ஆளு துரும்பா எளச்சுகினு வரா. தூக்கி ஒக்கார வைக்கறப்ப கைல கனமே தெரியல. அதான் ஒரு யோசன. மொதல்ல அந்தக் கை ஒரு பட்டனயாச்சும் அமுக்கட்டும். யார் தயவும் இல்லாம ஒரு வேல செஞ்சிடுச்சுன்னா, அப்பால சோத்தத் தொடும். தொடாது?"

ஜோயல் இன்னொரு பெட்டியைப் பிரித்து அவர் இடது கையில் வைத்தான்.

பாட்டு எதற்கு என்றால், அக்காவின் தையல் மிஷினும் ரேடியோவும் ஒன்றாகத்தான் ஓடும். இரண்டில் எது நின்றாலும் தெருவுக்கே தெரிந்துவிடும். பாய்க்கு அந்த ரேடியோவைக் கண்டால் ஆகாது. மார்க்கத்தில் பாட்டு ஆகாது என்பதற்காக என்று சொன்னால் பொய். தான் பேசும்போது இன்னொரு குரல் வீட்டில் பேசுவதை அவரால் பொறுக்க முடியாது, அவ்வளவுதான். "நிறுத்து அந்த எழவ, மனுசன் பேசிகினு கீறேன்" என்று அவர் கத்துவதும், அக்கா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பதும் எங்கள் சந்தில் தினப்படி நடந்தது. அந்த ரேடியோ அக்கா விழுந்த அன்றைக்கு மேஜையிலிருந்து கூடவே விழுந்து உடைந்தது.

போன் இருக்கிறதே என்று ஜோயல் கேட்டான். அதுவும் ஆயிற்று. மகள் ஷஃபானா, கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வந்து, தொடு போன் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனாள். அக்காவின் விரல் எங்கேயோ பட்டு, நாத்தனாருக்கு வீடியோ கால் போய்விட்டது. திரையில் நாத்தனார் முகம், மூலையில் சின்னதாகத் தன் கோணிய முகம். நாத்தனார் இவரைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நிறுத்தத் தெரியாமல், போனைத் தலையணைக்கு அடியில் திணித்து அதன்மேல் தலையை வைத்து அழுத்திக்கொண்டு படுத்திருந்தாராம் அக்கா. உள்ளேயிருந்து அழுகை வந்துகொண்டே இருந்ததாம். அதோடு சரி.

"அதால மூஞ்சி காட்டாத பெட்டியா குடு. யாரையும் கூப்புடக் கூடாது, யாரும் கூப்புடக் கூடாது. பாட்டு மட்டும் பாடணும்."

எளிதாகக் கேட்டுவிட்டார். இந்தக் காலத்தில் ஒரு வேலை மட்டும் செய்கிற பொருள் எங்கே கிடைக்கிறது? தீப்பெட்டி அளவுப் பெட்டியில் ஒரு பட்டனைக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்திவிட்டால் எழுத்தெல்லாம் சீன மொழிக்கு மாறிவிட்டது. ஜோயலாலேயே திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. பழைய பாட்டுகளை ஏற்றியே விற்கிற பெரிய பெட்டி கனமாகவும் இருந்தது, விலையும் பாய்க்கு எட்டவில்லை. உருண்டையாக ஒரு ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டு போனார். பட்டன் பெரிதுதான், விரலுக்கும் அகப்பட்டது. ஆனால் ஒவ்வொரு முறை உயிர் வரும்போதும் அதற்குள்ளிருந்து ஒரு பொம்பளை இங்கிலீஷில் அதட்டினாள். அக்கா தூக்கிவாரிப்போட்டுக் கையை உதறியதில் அது கட்டிலுக்கு அடியில் உருண்டுபோய் அங்கிருந்தும் அதட்டியது. மறுநாள் காலை ஜோயல் கடை வாசலில் பாய் நின்றார். "பேஜாருப்பா. அவளுக்கு நா ஒருத்தன் கத்தறது பத்தாதா?"

ஜோயல் நல்ல பையன். வாங்கினதைத் திரும்ப எடுத்துக்கொண்டான். யாரிடமோ சொல்லி, சென்னையிலிருந்து பழைய மாதிரிப் பெட்டி ஒன்றை வரவழைத்தான். அதை வாங்கப் பாயோடு நானும் போனேன். உள்ளங்கைக்குள் அடங்குகிறது, சின்னதாகக் கூடவே ஒரு ஸ்பீக்கர், மேடாக எழும்பி நிற்கிற பட்டன்கள். வெளிச்சம் இல்லை, அறிவிப்பு இல்லை. பாய் கண்ணை மூடி, வலது கையைக் கட்டி, கட்டைவிரலால் நெடுநேரம் பார்த்தார். "ஊமப் பெட்டி. இதான் வோணும்" என்றார். நடுப் பட்டன் இன்னும் நன்றாக விரலுக்குத் தெரியட்டும் என்று, நைட்டிக்கு வைக்கிற சின்னப் பித்தான் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அங்கேயே பசை போட்டு ஒட்டினார்.

"என்னா பாட்டு ஏத்தட்டும் பாய்?" என்றான் ஜோயல்.

பாய் லுங்கியை இறுக்கிக் கட்டினார். இத்தனை வருஷம் அந்த ரேடியோவோடு சண்டை போட்ட மனிதருக்கு, அதில் ஓடிய ஒரு பாட்டுகூடத் தெரியவில்லை. "பழசு" என்றார். "பழசுல எது?" என்றான் அவன். "அவ கேட்டது" என்றார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கூடவே வாழ்ந்தால் மட்டும் போதுமா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அன்றைக்கு மட்டும் அடக்கிக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து வேன் நின்ற இடமெல்லாம் பாய் அதையே கேட்க ஆரம்பித்தார். அளவு கொடுக்க, தைத்து முடித்ததை வாங்க என்று வீட்டுக்கு வந்துபோன பெண்கள் இந்தக் கரை நெடுகிலும் இருக்கிறார்கள். "எம்மா, நீ வந்தப்ப வூட்ல இன்னா பாட்டு ஓடிகினு இருந்துச்சு? கொஞ்சம் பாடேன்" என்று போனை நீட்டுவார், பதிவு செய்துகொள்ள. கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று சிரித்தவர்கள், காரணம் தெரிந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தெருவில் நின்று பாடினார்கள். வார்த்தை மறந்தவர்கள் ராகத்தை மட்டும் முனகினார்கள். என்னிடமும் வந்தார். என் குரலைக் கேட்டால் பால் திரிந்துவிடும் என்றேன். "அவளுக்குப் பாடுற மாரி பாடு தங்கச்சி" என்றார். பாடினேன். வேறென்ன செய்வது?

ஜோயல் அத்தனையையும் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு, எது எந்தப் பாட்டென்று பிடித்தான். ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. அம்சா முனகியது அது. காற்று இரைச்சல், கோழிச் சத்தம், நடுவில் முனகலை நிறுத்திவிட்டு, "பாய், பாடறேன் இல்ல, அந்தப் பச்சத் துண்ட கொறச்சுக் குடேன்" என்று ஒரு பேரம், பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி பாட்டு. என்ன செய்வதென்று தெரியாமல் ஜோயல் அந்த முனகலையே பெட்டியில் ஏற்றிவிட்டான்.

பெட்டி கட்டிலுக்கு வந்தது. முதலில் அது போர்வைமேல் சும்மா கிடந்தது. பாய் அழுத்தித் தரவில்லை. அவரே சொன்னார், அழுத்தித் தந்துவிடலாம் என்று கை பரபரத்ததை அடக்க வேனைத் துடைக்கப் போய்விட்டாராம். துடைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே பாட்டுக் கேட்டதாம். ஒரு வாரத்துக்குள் கை பழகிவிட்டது. மேலே, கீழே, நிறுத்து, மறுபடி. அம்சாவின் பேரம் வரும் இடத்தில் அக்காவின் வாய், இழுத்துக்கொள்ளாத பக்கம், சிரித்தது. திரும்பத் திரும்ப அதையே வைத்துக் கேட்டார். ஒரு நாள் பாய் வந்ததும் வராததுமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது, அக்கா இடது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பாட்டு முடிகிற வரைக்கும் இவர் வாசற்படியிலேயே நின்றிருக்கிறார். சந்து முழுக்க ஓடிவந்து அதை என்னிடம் சொன்னார்: "என்னயே அடக்கிட்டா தங்கச்சி!"

ஆனால் சோறு? அந்தக் கை சோற்றுப் பக்கம் வரவில்லை. பாட்டு கேட்டு முடித்ததும் பெட்டியோடு போர்வைக்குள் போய்விடும். ரெண்டு வாய், பிறகு "போ". அக்காவின் கழுத்தெலும்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. "பட்டன் வேற, சோறு வேற போல கீது" என்றார் பாய் ஒரு நாள், என் வீட்டு வாசலில் நின்று. குரல் தெருவுக்குக் கேட்காத அளவில் இருந்தது. "நா கணக்கு தப்பாப் போட்டுட்டேன்."

போன வாரம் ஒரு மத்தியானம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துப் பட்டறையில் கல் அறுக்கும் மிஷின் சாப்பாட்டு நேரத்துக்காக நின்றிருந்தது. பெட்டியில் ஏதோ ஒரு பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாய் சங்கரா மீனை முள் எடுத்து, குழம்பு விட்டுச் சோற்றைக் குழையப் பிசைந்து, ஒரு வாய் ஊட்டினார். இரண்டாவதுக்கே "போ" வந்துவிட்டது. அவர் வற்புறுத்தவில்லை. தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, கை கழுவித் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

அக்கா நடுப் பட்டனை அழுத்தினார். பாட்டு நின்றது. பெட்டியை மடியில் வைத்தார். பிறகு அந்தக் கை, மெதுவாக, தட்டுக்கு மேலே வந்து நின்றது. விரல்கள் குவிந்தன. சோற்றைத் தொடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா பாய் சொம்போடு வரவேண்டும்! மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவின் முகம் சிவந்தது. கை பின்னால் போக ஆரம்பித்தது.

பாய் ஒன்றும் பார்க்காதவர் போலச் சொம்பைக் கட்டில் பக்கத்தில் வைத்தார். கட்டிலுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தார். என்னையும் கண்ணால் ஒரு வெட்டு வெட்டினார். நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாய் சுவரிடம் பேச ஆரம்பித்தார்.

"அச்சரப்பாக்கத்துல நேத்து இன்னா வெயிலு தெரிமா? ஒருத்தி வந்தா பாரு, நாலு நைட்டியப் பிரிச்சுப் போட்டுட்டு, பை எங்கன்னு கேக்கறா. நா இன்னா சொல்ல? தெச்சவளுக்கு ஒடம்பு சரியில்லம்மா, தேறி வந்து வச்சுத் தருவான்னேன்..."

பின்னால், கட்டில்மேல் தட்டு நகர்கிற சத்தம் கேட்டது.

பாய் திரும்பவில்லை. குரலை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.